காலி ஜீப்பின் உயரம்

மாரிசெல்விக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியும் பிறந்த முடி இறக்கவில்லை. சாத்தூர் வெயிலுக்கு அந்த முடி வியர்த்து, சிக்குப் பிடித்து, கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும். போன சித்திரையில் தலை முழுக்கக் கட்டி கிளம்பிப் பிள்ளை வாரக்கணக்கில் அழுதது. அப்போதும் அதன் அம்மா முருகேஸ்வரி கத்திரியைத் தொடவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி இறக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மயிர்கூடத் தரையில் விழக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

தாய்மாமன் இல்லாமல் இல்லை. ஆறு மைல் தள்ளி மாடி வீடு கட்டி நன்றாகவே இருக்கிறான். அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் விருதுநகர் சரக்குக் கிட்டங்கியிலிருந்து வரும் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவர்கள். மூட்டையைக் கொட்டி வட்டமாக உட்கார்ந்தால் வத்தலைவிட வாய்தான் அதிகம் உறைக்கும்.

"ஏ முருகு, ஒம் மக சமஞ்ச பெறகு சடையும் பூவுமா ஒக்கார வச்சுத்தான் மொட்டை அடிப்பியா?" என்று முத்துமாரியம்மாள் ஆரம்பிப்பாள்.

"எங்கண்ணன் வந்துட்டா நாளைக்கே அடிப்பேன்."

"ஒங்கண்ணன் வாரதுக்குள்ள பிள்ளைக்குத் தன்னால கொட்டிப் போகும்."

எல்லாரும் சிரிப்பார்கள். முருகேஸ்வரியும் சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்க முடியாது, விரல் முழுக்கக் காரம். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அது போகாது. பிள்ளையின் தலையை அவள் தொட்டால் எரியும். அதனால் எண்ணெய் தேய்ப்பது, சிக்கெடுப்பது, கட்டிக்கு மருந்து பூசுவது எல்லாம் அவள் புருசன் செந்தூர்பாண்டிதான். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைக்குள் பிள்ளையின் தலை கோழிக்குஞ்சு மாதிரி அடங்கி இருக்கும்.

செந்தூர்பாண்டி நாற்கரச் சாலையோரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தவன். வண்டியின் பின்னச்சுக்கு மேலே வளைந்து வளைந்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றி, உடைந்ததை மாற்றி, தளர்ந்ததைச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைவு ஏற்றுவதுதான் அவன் தொழில். பட்டறை இருந்த இடம் விற்றுப்போன பிறகு வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியிலேயே வேலையை வைத்துக்கொண்டான்.

முருகேஸ்வரியின் அண்ணன் கருத்தப்பாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதே கம்பெனியில்தான் அவளும் பதினொரு வருசம் வெடிகளுக்கு மருந்து செலுத்தினாள். ஒரு நாள் பக்கத்து அறை பற்றிக்கொண்டது. அவள் சன்னல் வழியாகக் குதித்துப் பிழைத்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. அப்போது மாரிசெல்வி வயிற்றில் மூன்று மாதம். அந்தப் புண் ஆறும் முன்பே கருத்தப்பாண்டி வந்து, "சீசன் ஆர்டர் நெறைய கெடக்கு மாப்பிள்ளை, ஒங்க பின்கட்டு ரூம்புல வச்சு ஓட்டிக்கிருவோம், வெளிய தெரியாது" என்று கேட்டான்.

"வெடி எந்த ரூபத்துலயும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது மச்சான்" என்றான் செந்தூர்பாண்டி.

"அப்ப நானும் தாண்டல" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. பேர் வைத்தபோதும் வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு முருகேஸ்வரிக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒருத்தன்தான். அன்றைக்குப் புருசன் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அவளே சொல்லியிருப்பாள். ஆனால் நியாயத்தைக் கொண்டுபோய் யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது?

*

ஆடி முடியப் போகிற ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. பச்சை பெயின்ட் அடித்து, முன்னால் பெரிய பெரிய விளக்கு மாட்டி இருந்தது. இறங்கினது கருத்தப்பாண்டி. கையில் பால்கோவா டப்பா.

முருகேஸ்வரி வத்தல் குவியலுக்குள்ளிருந்து எழுந்தாள். "வாங்கண்ணே" என்று வாய் மட்டும் தானாகச் சொன்னது.

"எங்க மருமக?" என்றான், நேற்றுத்தான் வந்து போனவன் மாதிரி. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளையைத் தூக்கினான். "ஏட்டி, இது என்ன தலையா, குருவிக்கூடா? உள்ள முட்டை எத்தனை கெடக்கு?"

பிள்ளை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே முருகேஸ்வரி பாதி தோற்றுப்போனாள்.

"ஆவணி மொத வெள்ளிக்கெழம வைப்போம். ஒங்க கொலசாமி கோயில்லயே வைப்போம். மடி நான் தாரேன். சீர்த்தட்டும் வரும். போதுமா தங்கச்சி?"

போதுமா என்றால் எப்படிப் போதும். நாலு வருசத்துக்கு அழ வேண்டியதை அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையில் அழுதாள். கையில் காரம் என்பது ஞாபகம் வந்ததால் கண்ணை மட்டும் தொடவில்லை.

வெளியே செந்தூர்பாண்டி வந்துவிட்டான். இரண்டு பேரும் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடப்பது தெரிந்தது.

"மலங்காட்டுல ஜீப் ரேஸ் நடத்துறாக மாப்பிள்ளை. பாறை, சேறு, ஓடை எல்லாத்துலயும் ஏத்தி எறக்கணும். நானும் பேர் குடுத்திருக்கேன். பின்னாடி நல்லாத் தூக்கிக் குடுங்க. மூணு இஞ்சாவது தூக்கணும். பட்டையும் கூட்டணும்."

"ஒங்க கம்பெனிப் பக்கமே பட்டறை கெடக்கே மச்சான்."

"வெளிய குடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பான். வீட்டு ஆளு நீங்க இருக்கையில எதுக்கு? வெள்ளிக்கெழம நான் இந்த வண்டியிலதான் சீர் கொண்டு வரணும்."

செந்தூர்பாண்டி ஜீப்புக்கு அடியில் படுத்துப் பின்னச்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வெகு நேரம் கிடந்தான். முருகேஸ்வரி வாசலில் நின்று அவன் காலையே பார்த்தாள். அவன் வெளியே வந்தபோது அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தான்.

"வியாழக்கெழமைக்கு முடிச்சுத் தாரேன்" என்றான்.

*

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. ஜாக்கி வைத்து ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி, வண்டிச் சட்டத்துக்கு அடியில் பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். அச்சோடு பட்டையை இறுக்கிக் கட்டியிருந்த யூ போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, ஸ்பானரில் குழாயை மாட்டி, புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து தொங்கினார்கள். முருகேஸ்வரி அந்த நாலு நாளும் காம்பு கிள்ள உட்காரவில்லை. உள்ளூர் ஆள் எவரையும் கூப்பிடாமல் அவளே கூட நின்றாள். அண்ணன் வண்டி என்று தெருவில் நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ளவும் ஆசை.

"எங்கண்ணன் ரேஸுக்குப் போறாக" என்று முத்துமாரியம்மாளிடம் சொன்னாள்.

"ஓடுறதுக்கா, ஓட்டுறதுக்கா?"

"ஒனக்குப் பொறாமை."

"எனக்கு என்னத்துக்குப் பொறாமை. மொட்டைக்குக் கறிச்சோறு உண்டுல்ல? அதச் சொல்லு."

பட்டைக் கட்டு கீழே இறங்கியது. செந்தூர்பாண்டி நடு போல்ட்டை உருவி, ஏழு பட்டைகளையும் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் வரிசையாக வைத்தான். பழைய லாரிப் பட்டைகளிலிருந்து நீளம் பார்த்து வெட்டிய மூன்றைப் பக்கத்தில் வைத்தான். ஒவ்வொன்றாகக் கல்மேல் வைத்து, முருகேஸ்வரி ஒரு முனையைச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இவன் சம்மட்டியால் அடித்து அடித்து வளைவு ஏற்றினான். ஓங்கி அடிக்கக் கூடாது. ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி, ஒரே கனத்தில், நுனி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அடிக்கு அடி அவள் தோள்பட்டை வரைக்கும் அதிர்ந்தது. வெந்த கையில் அந்த அதிர்ச்சி ஊசி குத்தினது மாதிரி ஏறியது. விடவில்லை.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது செந்தூர்பாண்டி சொன்னான்: "பாறையில ஏத்துற வண்டிக்குப் பட்டை இளக்கமா இருக்கணும். ஒரு சக்கரம் குழியில எறங்கினாலும் மத்தது தரையை விடக் கூடாது. அதுக்குப் பட்டையக் கொறைப்பாக. ஒங்கண்ணன் கூட்டச் சொல்றாரு. பத்துப் பட்டை போட்டா மரக்கட்டை மாதிரி நிக்கும். குழியில விட்டா ஓட்டுறவன் பல்லு ஒடயும்."

"பின்ன எதுக்குக் கேக்காக?"

"அதான் நானும் யோசிக்கேன். கனம் தாங்குறதுக்குத்தான் இப்படிக் கட்டுவாக. லோடு ஏத்தினாலும் வண்டி பின்னாடி அமுங்காது. ஏத்தியிருக்குன்னே வெளிய தெரியாது."

முருகேஸ்வரி ஊறுகாயைத் தட்டில் வைத்தாள். "எங்கண்ணன் நாலு வருசம் கழிச்சு வாசல் மிதிச்சிருக்காரு. இப்பவும் ஒங்களுக்கு அவர்மேல குத்தம்தான். ரேஸுல கூட நாலு பேரு ஏறிட்டு வருவாக. அந்தக் கனமா இருக்கும்."

செந்தூர்பாண்டி பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்தான்.

*

செவ்வாய்க்கிழமை அவன் புது நடு போல்ட் வாங்க பஜாருக்குப் போயிருந்தான். ஜீப்பின் பின்பக்கத்தைக் கழுவி வைக்கலாம் என்று முருகேஸ்வரி ஏறினாள். சீர்த்தட்டு ஏறப் போகிற வண்டி. கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது தகரத்தின் மடிப்பில் ஏதோ மினுங்கியது.

குனிந்து ஒரு விரலால் தொட்டாள். மீன் செதில் மாதிரி விரல் முழுக்கப் படர்ந்தது. மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்கவே வேண்டாம். பதினொரு வருசம் அந்தப் பவுடரோடு வாழ்ந்தவள். கம்பெனியில் இருந்த நாளில் அவள் வியர்வையே வெள்ளியாகத்தான் வழியும். அலுமினியப் பவுடர். அதற்கு அடியில் கந்தகத்தின் வாடை. மருந்தாகக் கலந்த பவுடர்.

தெரு வெறிச்சென்று கிடந்தது. பிள்ளை மரத்தடியில் போல்ட்டு நட்டுகளைச் சோறாக வைத்துச் சமையல் விளையாடிக்கொண்டிருந்தது.

இனி யோசிக்க என்ன இருக்கிறது? ரேஸும் இல்லை, மலையும் இல்லை. லைசென்ஸ் இல்லாத எங்கோ ஒரு கொட்டகையிலிருந்து சரக்கு ஏற்றுகிறான். வண்டி பின்னால் அமுங்குவது செக்போஸ்ட்டில் தெரிகிறது. அமுங்காமல் நிற்கத்தான் இந்த வேலை. புருசன் வந்து இதைப் பார்த்தால் முட்டுக் கட்டையை உருவி ஜீப்பைத் தெருவில் தள்ளிவிடுவான். அண்ணன் போய்விடுவான். இந்தத் தடவை போனால் போனதுதான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

மூன்று நாள் மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

வீட்டுக்குள் போய் நீலப் பூப்போட்ட பழைய சேலையில் ஒரு பாகத்தைக் கிழித்து வந்தாள். உலர்ந்த துணியால் தேய்த்தால் பற்றிக்கொள்ளும், துடைப்பமும் கூடாது, அது தெரியும். தண்ணீரில் முக்கி, பிழியாமல், ஒத்தி ஒத்தி எடுத்தாள். மடிப்பு மடிப்பாக, ஆணி ஆணியாக. அந்த வண்டி செய்த நாளிலிருந்து யாரும் அப்படித் துடைத்திருக்க மாட்டார்கள். பின்கட்டுத் துவைக்கிற கல்லில் துணியைப் போட்டு அலசினாள். தண்ணீர் வெள்ளி வெள்ளியாக ஓடியது. துணி மட்டும் வெளுக்கவில்லை. அடுப்பில் போடலாமா என்றால், அதைத் தீயில் போடுகிற பைத்தியக்காரி அவள் இல்லை. சாக்கடையில் போட்டால் மேலே மிதக்கும். ஈரத்தோடு சுருட்டிக் கல்லுக்கு அடியில் திணித்தாள். வெள்ளிக்கிழமை கழிந்து ஓடையில் குழி தோண்டிப் புதைத்துக்கொள்ளலாம்.

வெடி எந்த ரூபத்திலும் வாசலைத் தாண்டக் கூடாது என்ற வீட்டில், அவளே அதைக் கையில் ஏந்திப் பின்கட்டு வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள்.

*

புதன்கிழமை சாயங்காலம் கருத்தப்பாண்டி வந்தான். பத்துப் பட்டையோடு கட்டு ஏறி, யூ போல்ட் இறுகி, ஜீப் தயாராக நின்றது. பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து, முட்ட வருகிற கிடா மாதிரி இருந்தது.

"லோடு வச்சுப் பாப்போம் மாப்பிள்ளை" என்றான்.

சிமென்ட் சாக்குகளில் கரிசல் மண்ணை ரொப்பி ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பதினெட்டுச் சாக்கு. ஜீப் மெல்ல மெல்லப் படிந்து சமமாக வந்து நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை. கருத்தப்பாண்டி தெருமுனை வரைக்கும் நடந்துபோய், அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். ரேஸ் வண்டியை யாரும் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

"காலி வண்டி மாதிரியே நிக்கு!" என்று அங்கிருந்தே கத்தினான். திரும்பி வந்து செந்தூர்பாண்டியின் முதுகில் தட்டினான். "ஒங்க கையி கையிதான்."

செந்தூர்பாண்டி சாக்குகளை இறக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "லோடோட போகையில தெரியாது மச்சான். காலியாத் திரும்பி வருவீக பாருங்க, அப்பத்தான் தெரியும். பின்னாடி இப்படித் தூக்கிக்கிட்டு நின்னா விவரம் தெரிஞ்சவன் நிப்பாட்டுவான். காலியா ஓட்டும்போது பத்துச் சாக்கு மண்ணை ஏத்தியே வச்சுக்கோங்க. எறக்கிராதீக."

கருத்தப்பாண்டி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி மாப்பிள்ளை" என்றான்.

பத்துச் சாக்கு ஜீப்பில் ஏறியது. எட்டுச் சாக்கு முற்றத்து ஓரத்திலேயே கிடந்தது. ஜீப் போன தூசி அடங்கும் வரைக்கும் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீகளா?" என்று முருகேஸ்வரி கேட்டாள்.

"அடியில படுத்து அளவு பாக்கையிலயே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

செந்தூர்பாண்டி கையிலிருந்த கிரீசைச் சாக்கில் துடைத்தான். "அந்தத் தலையத் தெனமும் சீவுறவன் நானு. இன்னும் எத்தனை சித்திரைக்குக் கட்டிக்கு மருந்து பூசுறது? வெள்ளிக்கெழம முடி எறங்கட்டும். அதுக்குப் பெறகு அந்த வண்டி இந்த வாசலுக்கு வராது. நான் சொல்லிக்கிறேன்."

அப்போதாவது துணியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவன் தெரிந்தே செய்திருக்கிறான், தெரியாத மாதிரி நடித்திருக்கிறான், அதுவும் தனக்காக என்பது அவளுக்குப் பாரமாக இருந்தது. தானும் அதையே செய்ததைச் சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும் என்று தோன்றவில்லை, இரண்டாகும் என்றே தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனாள். நாளைக்கும் சொல்லவில்லை.

*

குலசாமி கோயில் மல்லாங்கிணறு போகிற பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்தது. நாலு பக்கமும் உழுது போட்ட நிலம். மழை இல்லாமல் கட்டி கட்டியாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு லோடு ஆட்டோவில் போய் இறங்கினார்கள். தெருவிலிருந்து முத்துமாரியம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். பொங்கல் பானை ஏறியது. முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு இரண்டு தடவை வெற்றிலை போட்டார்.

"நேரம் ஆகுதே. தாய்மாமன் எங்க?" என்றார்.

"வந்துருவாக" என்றாள் முருகேஸ்வரி. அந்த வார்த்தையை நாலு வருசமாகச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கே தேய்ந்திருந்தது. இன்றைக்கு மட்டும் அது உண்மை என்பதால் சத்தமாகச் சொன்னாள்.

தூரத்தில் வண்டிப்பாதையில் தூசி கிளம்பியது. பச்சை ஜீப்.

செந்தூர்பாண்டிதான் முதலில் பார்த்தான். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். ஜீப் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. மண் சாக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று சீர்த்தட்டும் ஒரு வாழைத்தாரும் மட்டும் குலுங்கிக் குலுங்கி வந்தன. அதற்குப் பின்னால், தூசிக்குள்ளிருந்து, போலீஸ் வண்டி.

கருத்தப்பாண்டி வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் இறங்கினான்.

"மண்ணை எங்க மச்சான்?" என்று செந்தூர்பாண்டி மெதுவாகக் கேட்டான்.

"சீர் கொண்டு வார வண்டியில மண்ணு மூட்டையா ஏத்திட்டு வருவாக? லெட்சணமாவா இருக்கும்?"

போலீஸ் வண்டியிலிருந்து ஒரு எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் இறங்கினார்கள். எஸ்.ஐ. இளவயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்தார்.

"செந்தூர்பாண்டிங்கறது யாரு?"

"நான்தான் சார்."

"இந்த ஜீப்புக்குப் பின்னாடி தூக்கி வச்சது நீங்கதானா?"

"ஆமா சார்."

"காலி வண்டி இம்புட்டுத் தூக்கி நிக்குன்னா எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் திருட்டுச் சரக்கு போகுதுன்னு ஒரு மாசமாத் தகவல். காலையில மறிச்சு வண்டியச் சோதிச்சோம். சுத்தமா இருக்கு. தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு." எஸ்.ஐ. கருத்தப்பாண்டியைப் பார்த்தார். "இவரு என்ன சொல்றாருன்னா..."

"நடந்ததத்தான் சொன்னேன் சார்" என்றான் கருத்தப்பாண்டி, குரல் கொஞ்சமும் ஏறாமல். "ரேஸுக்குன்னு குடுத்தேன். வண்டி அஞ்சு நாளா இவரு வீட்டு முத்தத்துலதான் நின்னுச்சு. அங்கன என்ன ஏத்துனாக, என்ன எறக்குனாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்."

முருகேஸ்வரி அண்ணனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சீர்த்தட்டில் சரிந்த பழத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரோம்" என்றார் எஸ்.ஐ. "முத்தத்துல எட்டுச் சாக்கு மண்ணு. பின்கட்டுத் தொவைக்கிற கல்லு காலை வெயில்ல வெள்ளித் தட்டு மாதிரி மினுங்குது. அதுக்கு அடியில இது." ஏட்டு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சுருட்டின துணி. நீலப் பூவின் மேல் வெள்ளி படிந்திருந்தது.

பொங்கல் பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் குலவை போடவில்லை.

செந்தூர்பாண்டி அந்தத் துணியைப் பார்த்தான். அது எந்தச் சேலை என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது அவள் உடுத்தியிருந்தது. அவன் திரும்பி முருகேஸ்வரியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் பேசியிருப்பாள். அவன் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கணக்கு இப்போதுதான் சரியாக வந்தது மாதிரிப் பார்த்தான்.

"நான்தான் சார் தொடைச்சேன்" என்றான்.

"பவுடர் எப்படி வந்துச்சு?"

"வண்டியில கெடந்துச்சு. தொடைச்சு வச்சேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது."

"வண்டியில கெடந்ததுன்னா எங்களுக்கு ஏன் தகவல் குடுக்கல? ஏறுங்க, ஸ்டேஷன்ல வச்சுப் பேசுவோம்."

முருகேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். தான்தான் துடைத்தது என்று சொல்ல வேண்டும், அந்த விரலை நீட்டிக் காட்ட வேண்டும், இந்தப் பவுடரை வண்டியில் கொண்டு வந்தவன் இதோ வெள்ளை வேட்டியில் நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். இடுப்பிலிருந்த பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குள் செந்தூர்பாண்டி போலீஸ் வண்டியில் ஏறிவிட்டான். ஏறும்போது, "முடிய எறக்கிரு. கூட்டிட்டு வந்ததுக்கு எறக்கிரு" என்று மட்டும் சொன்னான்.

வண்டி போய்விட்டது. தெருப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முத்துமாரியம்மாள் வழிந்த பானையை இறக்கி வைத்தாள்.

கருத்தப்பாண்டி பலகையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் ஒரு புதுத் துண்டை விரித்தான்.

"ஏன் தங்கச்சி மொகத்த அப்படி வச்சிருக்க? அவருகிட்ட என்ன இருக்கு, ஒரு பழந்துணிதான. ரெண்டு நாள் விசாரிச்சுட்டு விட்டுருவாக. ஸ்டேஷன்ல எனக்கு ஆளு இருக்கு. நான் பேசுனா சாயங்காலமே விட்டாலும் விடுவாக. நான் பேசணும்ல?" கையை நீட்டினான். "நல்ல நேரம் போகுது. பிள்ளையக் குடு."

நான் பேசணும்ல என்று அவன் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. பிள்ளையைக் கொடுக்காவிட்டால் பேச மாட்டான். கொடுத்தாலும் பேசுவானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

முருகேஸ்வரி நாலு வருசம் காத்திருந்த மடி அது. நடந்துபோய்ப் பிள்ளையை அதில் உட்கார வைத்தாள்.

முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துத் தலையை நனைத்தார். பிள்ளை திமிறியது. கருத்தப்பாண்டி இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டான். கத்தி ஓடியது. சிக்குப் பிடித்த முடி கொத்துக் கொத்தாக அந்தப் புதுத் துண்டில் விழுந்தது. வேப்பெண்ணெய் வாடை வந்தது. நேற்று சாயங்காலம்தான் செந்தூர்பாண்டி கடைசியாக ஒரு தடவை தேய்த்துச் சீவி விட்டிருந்தான்.

மொட்டை முழுசாக வந்ததும் கருத்தப்பாண்டி கையை எடுத்தான். ஈரத் தலையில் காதுக்கு மேலே, இரண்டு பக்கமும், அவன் விரல் இருந்த இடத்தில் விரல் விரலாக வெள்ளிக் கோடு. நகக்கண்ணில் இருந்த பவுடர் ஈரத்தில் இறங்கியிருக்கிறது. அதை எந்தப் போலீசும் பார்க்கவில்லை. வெயிலில் பளபளவென்று நின்றது.

"சந்தனத்தப் பூசும்மா" என்றார் முடி இறக்குகிறவர், கிண்ணத்தை நீட்டி.

பூசுகிறவன் போலீஸ் வண்டியில் போய்க்கொண்டிருந்தான். முருகேஸ்வரி கிண்ணத்தை வாங்கி, விரலால் வழித்து, அந்த வெள்ளிக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தாள். கத்தி பட்ட பச்சைத் தோல். நேற்று ஒரு நாள் முழுக்கக் காம்பு கிள்ளின விரல். கோட்டை மறைக்கிற வெறியில் அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

பிள்ளை வீரிட்டது. "எரியுதும்மா! எரியுது! அப்பாவப் பூசச் சொல்லு!"

"அழாதடா, மாமன் மடியில இருந்துக்கிட்டு அழலாமா?" என்று கருத்தப்பாண்டி பால்கோவா டப்பாவைத் திறந்தான்.

முருகேஸ்வரி தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளி சந்தனத்தோடு கலந்து தலை முழுக்கப் படர்ந்தது.